குட்டி வாப்பா மலை பார்க்கிறார்

தென்காசி
12 ஏப்ரல் 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜாஹிரா பீவி எழுதுகிறேன். நான் நலம், உம்மா நலம், தண்ணீர் மோட்டார் நலம், ஃபிரிட்ஜுக்கு மட்டும் லேசாக இருமல். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும் என்று உம்மா சொன்னாள். இந்தப் பார்சலில் வைத்திருக்கிறோம்.

தினமும் வீடியோ காலில் பார்க்கிற பிள்ளை எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் இப்போது யாருக்கும் கேட்காமல் பேசத் தெரிந்தது பேனா ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன். கடையநல்லூர் ஹுஸைஃபா காக்கா திங்கட்கிழமை தம்மாம் கிளம்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் தம்மடைப் பலகாரத்துக்கும் நடுவில் இதையும் வைத்துக் கட்டிவிட்டேன். எண்ணெய் பட்டிருந்தால் ஊறுகாயைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

பெருநாள் முடிந்ததும் நீங்கள் மாட்டச் சொன்ன கேமராவை, பஜாரில் கேமராக் கடை வைத்திருக்கிற பலவேசம் அண்ணன் வந்து ஹால் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். வெள்ளை உருண்டைத் தலை, முடி கிடையாது, திரும்பினால் கழுத்தில் ‘கிர்ர்’ என்று சத்தம். உங்கள் சாயல் இருப்பதால் ‘குட்டி வாப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். வாப்பா வருவார் வருவார் என்று இருந்தோம். பார்ப்பார் பார்ப்பார் என்று ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல் விளக்கு வைத்த பிறகு தெருப் பெண்கள் நாலைந்து பேர் நம் ஹாலில் உட்கார்ந்து, இலையும் தூளும் போட்ட சுளவை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு லாத்தா, “எங்க வூட்டு மனுசன் கொறட்ட வுட்டா தெருநாயெல்லாம் எந்திச்சி பதில் சொல்லுதுளா” என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, சுவரிலிருந்து நீங்கள் உம்மாவிடம், “ஹாஜரா, மோட்டார நிறுத்துனியா?” என்றீர்கள்.

“யா அல்லா, சொவரு பேசுது!” என்று லாத்தா எழுந்த வேகத்தில் சுளவு கவிழ்ந்து, பீடித்தூள் எல்லார் முக்காட்டிலும் பறந்தது. நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

“ஒன் மாப்ள இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுல்லா இருந்திருக்காரு. இனிம எந்த மொகத்த வச்சி அவரப் பாக்க?” என்று லாத்தா உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவள்தான். மறுநாளிலிருந்து பீடிக் கூட்டம் எதிர்வீட்டுக்கு மாறிவிட்டது. உம்மாவால் அங்கே போக முடியவில்லை. ஹாலில் ஆளைக் காணோம் என்றால் உடனே போன் அடிக்கிறதே, “எங்கன போன?” என்று.

குட்டி வாப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா? பெரிய வாப்பாவே எங்களுக்குப் போதும்.

சலாமுடன்,
உங்கள் வாயாடி மகள்,
ஜாஹிரா


தம்மாம்
3 மே 2025

மகள் ஜாஹிராவுக்கு வாப்பா துஆ செய்து எழுதுவது.

வ அலைக்கும் ஸலாம். இங்கு நலம். முதுகுவலி இருக்கத்தான் செய்கிறது. ஊறுகாய் வந்தது. இந்த அறையில் எட்டுப் பேர் இருக்கும்போது அது எத்தனை நாளைக்கு இருக்கும்? வடகரைக்காரன் கோமதிசங்கர், கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். அவனுக்குத்தான் பாதி போனது.

கேமரா விஷயம். பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கும்போதே திருடன் பின்வாசல் வழியாக உள்ளே வந்து பீரோவை உடைத்ததை நீயும்தானே பார்த்தாய்? இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு இங்கே நான் தூங்க வேண்டாமா? பகல் முழுக்க ப்ளாண்டுக்குள் இருக்கிறேன். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, போனை எதிரில் சாய்த்து வைத்து, நீங்கள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே தின்கிறேன். நாலு வருஷமாகத் தனியாகத் தின்ற சோறு.

பீடி சுற்ற வந்தவர்களை நான் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் பேசியதையும் கேட்கவில்லை. மோட்டார் ஓடி ஓடித் தொட்டி நிறைந்து வழியுமே என்றுதான் கூப்பிட்டேன்.

உன் உம்மா ஏன் ஒரு வரி எழுதவில்லை? போனிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறாளே.

கேமரா இருக்கட்டும். நன்றாகப் படி.

வாப்பா,
மைதீன் பிச்சை


தென்காசி
20 மே 2025

எட்டுப் பேருக்கு நடுவில் தனியாகச் சாப்பிடும் வாப்பாவுக்கு,

ஸலாம். பதினொன்றாம் வகுப்பில் தேறிவிட்டேன். கணக்கில் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். அதற்கும் கொஞ்சம் அந்தரங்கம் வேண்டுமல்லவா. உம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய்க்குத்தான் வேலை இல்லை.

உம்மாவின் குடித்தனம் இப்போது அடுப்படியில். குட்டி வாப்பாவின் கண் அதுவரைக்கும் போகாது. காது போகும். அதனால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் என்னிடம் பேசுகிறாள். “ஏளா, நாளைக்கு மீனு வாங்கணும்” என்று சொல்ல அரை வாளித் தண்ணீர் செலவாகிறது. உங்கள் அக்காவைப் பற்றிக் குறை சொல்வதென்றால் இரண்டு வாளி. பேச்சுரிமை என்றால் மைக் முன்னால் நின்று பேசுவது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். உம்மாவுக்கு மைக் இல்லாத இடம்தான் பேச்சுரிமை.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். உம்மாவின் பழைய சேலையை நீளத் தலையணைக்குச் சுற்றி, முக்காடு போட்டு, நாற்காலியில் முதுகு காட்டி உட்கார வைத்து, மடியில் சுளவும் வைத்தேன். உம்மாவை எதிர்வீட்டுக்குத் துரத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். “ஹாஜரா, தலவலியா? ஏன் குனிஞ்சே இருக்க? கோவமா? நான் என்ன சொல்லிட்டேன்னு…” என்று நீங்கள் தலையணையிடம் பேசினீர்கள். முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். போகப் போக, சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து உம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது வாப்பா.

இன்னொன்று கேட்க வேண்டும். சில நாளாக மத்தியானத்துக்கு மேல், இங்கே அஸர் பாங்குக்குப் பக்கமாக, குட்டி வாப்பா ‘கிர்ர்’ என்று திரும்பி மேற்குச் சன்னலைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு திரும்பவும் ஹாலுக்கு வந்துவிடுகிறார். வேலை நேரத்தில் நம் வீட்டுச் சன்னலில் உங்களுக்கு என்ன வேலை?

துஆவில் என் கணக்குப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாஹிரா


தம்மாம்
8 ஜூன் 2025

ஜாஹிராவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கு பிரியாணி போட்டார்கள். உப்பு இல்லை.

தலையணையிடம் பேச வைத்துவிட்டாய். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சன்னல் பக்கம் நான் திருப்பவில்லை. அந்த நேரத்தில் போன் என்னிடம் இருக்காது என்று முன்பே எழுதியிருக்கிறேனே. தூசி அடைத்து கேமராவின் மோட்டார் தானாகத் திரும்பியிருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன். இதை உன் உம்மாவிடம் சொல்ல வேண்டாம். வீணாகப் பயப்படுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாப்பா


தென்காசி
22 ஜூன் 2025

வாப்பாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் வேடிக்கை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தை உம்மாதான் பிரித்தாள். கேமரா தானாகத் திரும்புவதைப் பற்றி நான் அதுவரை அவளிடம் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து ஹாலில் மின்விசிறிக்குக் கீழே தலை ஆற்றிக்கொண்டிருந்தவள், படித்து முடித்ததும் முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். துவைத்த பூந்துவாலை ஒன்றை எடுத்துக் குட்டி வாப்பாவின் தலையில் போட்டாள். “அவுக பாக்காகன்னு நெனச்சி இருந்தேன்” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அடுப்படியில் பாயை விரித்துப் படுக்கிறாள்.

நான் பலவேசம் அண்ணனின் கடைக்குப் போனேன். “தூசி அடைச்சா மோட்டாரு திரும்புமா?” என்று கேட்டேன். “தூசி அடைச்சா திரும்பாது பாப்பா, நின்னுல்லா போவும்” என்றார்.

“அப்ப யாரு திருப்புதா?”

“பொறு, பாப்போம்” என்று தன் போனைத் தட்டி என் பக்கம் காட்டினார். வாப்பா, பஜாரில், சைக்கிளும் ஆட்டோவும் போகிற தெருவில் நின்றுகொண்டு, அந்த ஆளின் போனில் நான் பார்த்தது நம் வீட்டுப் பூந்துவாலை. உம்மா அடுப்படியில் குழாயை மூடுகிற சத்தமும் அதில் கேட்டது.

“ஒங்க போன்ல எங்க வூடு எதுக்கு இருக்கு அண்ணே?”

“மாட்டிக் குடுத்த எல்லா வீடும் இருக்கும்மா. கம்ப்ளெயிண்ட் வந்தா பாக்கணும்லா? பாஸ்வேர்டு ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும். ஒங்க வாப்பாட்ட மாத்தச் சொன்னேன். இருக்கட்டும்னுட்டாரு. நான் ஒண்ணும் பாக்கதில்ல, சத்தியமா.”

ஒன்றிலிருந்து ஆறு வரை! அந்தப் பூட்டை எல்.கே.ஜி. பிள்ளை விளையாட்டுப் போலத் திறந்துவிடும். என் கண் முன்னாலேயே நம் வீட்டை அவர் போனிலிருந்து அழிக்க வைத்தேன். மற்ற வீடுகளையும் அழிக்கச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். நம் வீட்டை அழிக்கும் முன், நம் கேமராவைப் பார்க்கும் போன்களின் வரிசையையும் திறந்து காட்டியிருந்தார். அவருடையது போக இரண்டு இருந்தது. ஒன்று உங்களுடையது.

இன்னொன்று யாருடையது?

பாஸ்வேர்டை வீட்டுக்கு வந்ததுமே மாற்றியிருப்பேன். அது யாருடைய போன் என்பதை நீங்களே சொல்ல வேண்டும் என்று உம்மா தடுத்துவிட்டாள். சோற்றுத் தட்டோடு நீங்கள் எங்களைப் பார்ப்பதை நான் குறையாக எழுதவில்லை. ஆனால் உம்மா யாருக்கு முன்னால் தலைமுடி ஆற்றியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பதில் எழுதுங்கள். சுவர் வழியாகச் சொல்லாதீர்கள்.

முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

ஜாஹிரா


தென்காசி
15 ஜூலை 2025

வாப்பாவுக்கு,

ஸலாம். நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவார்கள். எனக்கு நிஜமாகவே அறிய ஆவல்.

பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவர்தான் பேசியது. “துணிய எடு ஹாஜரா. துணிய எடுன்னா எடு” என்று நீங்கள் கத்தியதில் சன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. உம்மா வந்தாள். துணியை எடுப்பாள் என்று நினைத்தேன். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி வைத்தாள். நாற்காலியை நடு ஹாலில் போட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் போன் செய்யும்போது “நல்லாருக்கேன்” என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறாள். நானும் “நல்லாருக்கோம்” என்கிறேன். நாம் மூன்று பேரும் இவ்வளவு நன்றாக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஊரெல்லாம் ரம்பூட்டானும் மங்குஸ்தானும். உங்களுக்கு அனுப்ப முடியாதே என்று உம்மா ஒன்றுகூட வாங்கவில்லை.

கோபித்துக்கொண்டாலும் எழுதுங்கள்.

ஜாஹிரா


தம்மாம்
24 ஜூலை 2025

மகள் ஜாஹிராவுக்கும் மதினிக்கும்,

வணக்கம். உங்களை நேரில் பார்த்திராத கோமதிசங்கர் எழுதுகிறேன். வடகரை. மைதீன் அண்ணாச்சியின் அறைக்காரன். நீங்கள் அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை அதிகம் தின்றவன். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்த இரண்டாவது போன் என்னுடையது.

அண்ணாச்சி உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை வந்த அன்றே என்னிடம் காட்டினார். பதில் எழுத உட்காருவார், கிழித்துப் போடுவார். அவரால் முடியாது என்று தெரிந்த பிறகு நான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் மாதம் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. எல்லாரும் வேலைக்குப் போன பிறகு அறையில் நான் ஒருவன்தான். கேமரா மாட்டிய புதிதில் அண்ணாச்சி ஒருநாள் என் போனை வாங்கி எதையோ தட்டினார். “ஏலே, பகல்ல எம் போன் கேட்டுல கெடக்கு. திருட்டுப்பய பகல்ல வரமாட்டான்னு என்ன நிச்சயம்? நீ சும்மாதான கெடக்க. எம் வீட்டப் பாத்துக்க” என்றார். வேறு யாராவது வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் கேமராவே மாட்டினார். அந்தப் பயத்திலேயே என் கையிலும் கொடுத்துவிட்டார். அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. என்னைத் தம்பி என்று நினைத்ததால் வந்தது.

முதல்நாள் திறந்தபோது மதினி ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அடைத்துவிட்டேன். ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. அதனால் ஒலியை நிறுத்திவிட்டு, கேமராவை ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்தேன். அது மேற்குச் சன்னல். சன்னலில் குற்றால மலை தெரிந்தது.

என் ஊருக்கும் அதே மலைதான் மகளே. நான் அதைப் பார்த்து ஐந்து வருஷமாகிறது. மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் ஒருநாள் மேகம் இறங்கி மலையை மூடியது. இங்கே வெளியில் கை வைத்தால் கம்பி சுடும். அங்கே சன்னல் கண்ணாடியில் தூறல் விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் திறந்தேன். முதலில் நான் திருப்பியது பார்க்கக் கூடாது என்பதற்காக. பிறகு திருப்பியது பார்ப்பதற்காக.

உங்கள் கடிதத்தில் மதினி சொன்னதைப் படித்த அன்றே என் போனிலிருந்து அழித்துவிட்டேன். அழித்துவிட்டால் சரியாகிவிடாது என்று தெரியும். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் கோபம் வேண்டாம். சாப்பிடும்போது இப்போதும் போனைச் சாய்த்து வைக்கிறார். திரை கறுப்பாக இருக்கிறது.

பணிவுடன்,
கோமதிசங்கர்


தென்காசி
6 ஆகஸ்ட் 2025

கோமதிசங்கர் மாமாவுக்கு,

ஜாஹிரா எழுதுகிறேன். கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா? இங்கே ஊறுகாய் நலம். புது ஜாடி போட்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் உம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். குழாயைத் திறக்கவில்லை. முடித்ததும் உம்மா, “நல்ல பிள்ளதான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “நல்ல பிள்ளன்னு எனக்கு இன்னைக்குல்லா தெரியுது. இத்தன நாளு யாருன்னே தெரியாம அடுப்படியில கெடந்தேன்” என்றாள்.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எழுதுகிறேன் மாமா. நீங்கள் திருப்பி வைத்தீர்கள். இன்னொருவர் திருப்பியிருக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் உங்களைப் போல இருக்க வேண்டும் என்று உம்மா எதிர்பார்க்க முடியாது. உம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். வாப்பா கேட்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், குட்டி வாப்பாவை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்த நானும்கூட உம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

இப்போது கேட்டேன். அவள் சொன்னபடி செய்திருக்கிறோம். பலவேசம் அண்ணன் வந்து குட்டி வாப்பாவைக் கழற்றி, மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மேற்குப் பார்த்து மாட்டிவிட்டார். கூலி வாங்கவில்லை. அத்தனை வீட்டையும் அழித்துவிட்டதாகச் சொல்லிப் போனைக் காட்டினார். நானும் விடாமல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு வீடும் இல்லை. பின்வாசலுக்கு இரும்புக் கதவு போட உம்மா ஆள் சொல்லியிருக்கிறாள். திருடனுக்கு இனிமேல் இரும்புதான் காவல், குட்டி வாப்பா இல்லை.

பாஸ்வேர்டு நான் வைத்தது. பலவேசம் அண்ணனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தட்டினேன். ஒலியைப் பிடுங்கியாயிற்று. வாப்பா திருப்பலாம், பார்க்கலாம். நீங்கள் பார்க்க மட்டும் செய்யலாம். இது உம்மா கொடுத்த அனுமதி, என்னுடையது இல்லை. “அந்தப் பிள்ளையும் மலயப் பாக்கட்டும், பாவம்” என்றாள்.

இன்றைக்கு மலையின் கொடுமுடி வரைக்கும் மேகம். பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள், வெள்ளம். திறந்து பாருங்கள்.

அன்புடன்,
ஜாஹிரா

பி.கு: வாப்பாவிடம் சொல்லுங்கள், நான் கோபமாக இல்லை. உம்மாவைப் பற்றி உம்மாதான் சொல்ல வேண்டும்.


தம்மாம்
23 ஆகஸ்ட் 2025

ஹாஜராவுக்கும் ஜாஹிராவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். இங்கு நலம். கோமதி தடி வைத்து நடக்கிறான்.

எனக்கு எழுத வராது. ஜாஹிரா உன்னைப் போல எழுத்தில் விளையாட்டுக் காட்டவும் தெரியாது. எட்டாம் வகுப்பில் நின்றவன். தப்பு என்னுடையது. வீட்டைக் காக்கிறேன் என்றுதான் நினைத்தேன். வீட்டில் இருக்கிறவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பதில் எழுதாமல் இருந்தது அதைவிடத் தப்பு. வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கத்திவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, வேலை இல்லை. மத்தியானம் சோற்றுத் தட்டோடு போனைச் சாய்த்து வைத்தேன். மலைதான். மேகம் ஒரு பக்கமாகச் சரிந்து வந்தது. மற்ற ஏழு பேரும் வந்து பின்னால் நின்றார்கள். உத்தரப்பிரதேசத்துக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன், “யே கஹாங்?” என்று இந்தியில் எந்த இடம் என்று கேட்டான். “எங்க ஊரு” என்று நானும் கோமதியும் சேர்ந்தே சொன்னோம்.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் துணிக்கொடியின் நுனி தெரிகிறது. அதில் ஒரு சேலையின் முந்தி காற்றில் வந்து வந்து போனது. பச்சை. நான் முதல் தடவை ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தது, ஹாஜரா. இன்னும் கட்டுகிறாயா? பிறகு ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. கொஞ்சம் திருப்பினால் முகம் தெரிந்திருக்கும். விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். கேமராவை இன்னும் மலைப் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

ஹாஜரா, இப்போது கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என்றைக்காவது ஒருநாள் உனக்காகத் தோன்றினால், நான் உன்னைப் பார்க்கலாமா? முடியாது என்றாலும் ஒன்றும் இல்லை. மலை இருக்கிறது.

லீவு இந்த வருஷமும் மறுத்துவிட்டார்கள். பங்குனிக்குத் தருவார்கள் என்று சொல்கிறார்கள்.

மைதீன் பிச்சை


தென்காசி
7 செப்டம்பர் 2025

ஜாஹிரா வாப்பாவுக்கு,

ஸலாம் சொல்லி ஹாஜரா எழுதுவது. நான் நலம். போனில் சொல்கிற நலம் இல்லை, இது வேறு.

எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும். ஜாஹிரா எழுதித் தருகிறேன் என்றாள். இதை அவள் படிக்கக் கூடாது என்று ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். ஹுஸைஃபா தம்பி அவசரமாக வந்துவிட்டு மறுபடியும் தம்மாம் போகிறது. ஊறுகாய் இரண்டு பாட்டில், ஒன்றில் கோமதி பெயர் எழுதியிருக்கிறேன். சண்டை போடாதீர்கள்.

பின்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. ஹாலில் இப்போது கூட்டம். எதிர்வீட்டு லாத்தா வந்த அன்று சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆணி அடித்த ஓட்டையைக் கூட விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். என்ன பேசுகிறோம் என்று கேட்காதீர்கள். உங்களைப் பற்றியும்தான் பேசுகிறோம்.

நீங்கள் சுவரில் இருந்த நாளெல்லாம் உங்களோடு எனக்குப் பேச்சே வரவில்லை. இப்போது தினமும் சொல்லுவதற்கு ஏதாவது இருக்கிறது. மங்குஸ்தான் வாங்கித் தின்றோம். உங்களுக்கு இல்லாமல் தின்றோம் என்று கொஞ்சம் வருத்தம், நிறைய ருசி.

கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். கேட்டதால் பதில் எழுதுகிறேன்.

இது கைக்கு வந்ததும் போனில் “ஊறுகாய் கிடைச்சிட்டு” என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குப் புரிந்துவிடும். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, நீங்கள் ஜும்மா முடிந்து அறைக்கு வந்திருப்பீர்கள். இங்கே அஸர் பாங்கு சொல்லும் நேரம். கோமதியிடம் அந்த நேரத்துக்கு மட்டும் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை கோபித்துக்கொள்ளாது. ஜாஹிராவை டியூஷனுக்கு அனுப்பிவிடுவேன்.

கேமராவைக் கொடிப் பக்கம் நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள். பச்சைச் சேலை கட்டியிருப்பேன். துணி எடுக்க மாடிக்கு வருவேன்.

மெதுவாகத்தான் எடுப்பேன்.

ஹாஜரா